வகுப்பு நடக்கவில்லை என்றுதான் சொன்னேன்

கண்ணு, நீ குஜராத்துக்குப் போகிறாய் என்பதைப் பால் சொசைட்டியில் வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். பாலை ஊற்றிவிட்டுத் திரும்பும்போது உன் மாமியார் ஊர்க்கார அம்மா ஒருத்தி, "ஏனுங்க, பையன் வடக்க போறாப்பலயாமா, பெரிய வேலையாமா?" என்று கேட்டாள். ஆமாங்க என்று தலையாட்டினேன். பெற்றவளுக்கே தெரியாது என்று காட்டிக்கொள்ள வெட்கமாக இருந்தது. என்ன வேலை என்பதையும் அவளே சொன்னாள். புது ரயில்பாதை போடுகிற இடத்தில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். யார் வாங்கிக்கொடுத்த வேலை என்பதையும் சொன்னாள். "அந்தக் காண்ட்ராக்டருதான் சொல்லி உட்டாராமா. மனுசன் கைவிடலீங்க பாத்தீங்களா?" காலிக் கேனை எடுத்துக்கொண்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். அழுகை வரவில்லை. சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை அது.

நீ என் போனை எடுப்பதில்லை. உன் மனைவி எடுத்தாலும், பின்னால் உன் குரல் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, "அவரு வெளிய போயிருக்காருங்க அத்தை" என்று வைத்துவிடுகிறாள். அவளைக் குறை சொல்லவில்லை. நான் நேரில் வந்தால் நீ எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விடுவாய். அதனால் நாலு பேர் படிக்கிற இடத்தில் இதை எழுதுகிறேன். உன் பெயரையும் போடவில்லை, என் பெயரையும் போடவில்லை. மீனாட்சிபுரத்தைச் சுற்றியிருப்பவர்களுக்கு யார் என்று புரிந்துவிடும். புரியட்டும். ஆளாளுக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நான் பார்த்ததும் ஒரு தடவை எழுத்தில் இருக்கட்டும்.

உன் அப்பா மஞ்சள்காமாலையில் போனபோது நீ பள்ளிக்கூடம் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. தண்டவாளம் பராமரிக்கிற அவருடைய வேலை எனக்கு வந்தது. அதுவரை வரப்பிலும் மாட்டுக் கொட்டகையிலும் நடந்த கால் என்னுடையது. பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அத்தனை ஆண்களுக்கு நடுவே பெண்கள் நாங்கள் இரண்டு பேர்தான். முதல் நாள் சுத்தியலும் கடப்பாரையும் எப்படிப் பிடிப்பது என்று சொல்லித் தருவார்கள் என்று நினைத்துப் போனேன். அங்கிருந்த வாத்தியார் எங்களை லைனுக்குக் கூட்டிக்கொண்டு போய், கம்பி வேலிக்கு வெளியே வரிசையாக நிற்கவைத்து, திரும்பி நின்று கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். வண்டிச் சத்தம் கேட்டதும் கையைத் தூக்கவேண்டும், அவ்வளவுதான். நான் கையைத் தூக்கியபோது இன்ஜின் எங்களுக்கு நேராக வந்துவிட்டது. மற்றவர்களுக்கும் அதே கதைதான். "உங்க காதை நம்புனா இதுதான் நடக்கும்" என்றார் அவர். "வேலை செய்யறவனுக்கு வண்டி கேக்காது. அதுக்குத்தான் ஒருத்தன் எந்த வேலையும் செய்யாம நிக்கணும். பாக்கறதும் விசிலடிக்கறதும் மட்டும்தான் அவன் வேலை. அவன் கையில ஒரு கூடையைக் குடுத்தீங்கன்னா அங்கயே ஒரு குழியும் வெட்டிக்குங்க." இதை ஊருக்கு வந்து உன்னிடம் சொன்னேன். நீ அதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டாய். அப்பாவின் விசிலை வாயில் வைத்துக்கொண்டு கொட்டகை வாசலில் நிற்பாய். நீ ஊதினால் நான் சாணிக்கூடையைப் போட்டுவிட்டு வெளியே தாவவேண்டும். தாமதமானால் "அம்மா அவுட்டு" என்பாய். உனக்குத் தெரியாத பாடம் இல்லை என்று சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வேறு எதற்கும் இல்லை.

நான் வேலைக்குப் போன அந்த வருடங்களில் விடிவதற்குள் லைனில் இருக்கவேண்டும். உனக்குத் தலைவாரி, சோறு போட்டு, பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டது யார் என்று உனக்கு நினைவிருக்கிறதா? மயிலாத்தாள்தான். அடுத்த சந்தில் இருந்தாள், அப்போது அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ரங்கசாமியைக் கட்டிக்கொண்டு போனதும் நீ இரண்டு நாள் சாப்பிடமாட்டேன் என்று அடம்பிடித்தாய். கல்யாணத்துக்குப் பிறகும் அதே ஊர்தான். தென்னந்தோப்பில், கடலைக் காட்டில், எங்கே கூலி கிடைக்கிறதோ அங்கே போவாள். நீ பாலிடெக்னிக் முடித்து, ரயில்வே வேலைகளை எடுத்துச் செய்கிற ஒரு காண்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராகச் சேர்ந்து, என்னுடைய பகுதியிலேயே ஜல்லி ஒழுங்குபடுத்துகிற வேலைக்கு ஆள் எடுத்தபோது, முதலில் வந்து நின்றவர்களில் அவளும் ஒருத்தி. "தம்பி சூப்பர்வைசருங்களாமா அக்கா, இனி வெயில்ல கொஞ்சம் உக்காந்தாலும் திட்டமாட்டாப்ல" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

அன்று நீ என் வீட்டில் தோசை தின்றுகொண்டிருந்தாய். கை எச்சிலாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாய். காண்ட்ராக்டர் பேசினார். வெளியாட்களை லைனில் இறக்குவதற்கு முன்னால் பாதுகாப்பு வகுப்பு எடுக்கவேண்டும் என்பது விதி. நீ அதைப் பற்றித்தான் கேட்டாய், அதுவரைக்கும் சந்தோஷம். அவர் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. "கிளாஸு கிளாஸுன்னு ஒரு நாளைக் கெடுக்காதப்பா. பேனரைக் கட்டி, ஆளுங்களை நிறுத்தி, ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. மீதியை நான் பாத்துக்கறேன்." நீ "செரிங்க" என்றாய். நான் அடுப்பிலிருந்து திரும்பி, "ஏங்கண்ணு, அவரு சொன்னா செரீன்னுருவியா?" என்று கேட்டேன். "எல்லா எடத்துலயும் இப்படித்தாம்மா நடக்குது. உனக்கு உன்ற ட்ரெய்னிங் ஸ்கூல விட்டா வேறென்ன தெரியும்? இந்த லைன்ல ஒரு நாளைக்கு எத்தனை வண்டி வருது? அத்தனையும் எனக்குக் கணக்குத் தெரியும்" என்றாய். இன்னொரு தோசை வேண்டாம் என்று எழுந்துவிட்டாய்.

மறுநாள் பேனர் கட்டினீர்கள். எல்லாருக்கும் புது ஆரஞ்சுச் சட்டை. நான் சாவி பார்த்துக்கொண்டு அந்த வழியாக நடந்து வந்தேன். தண்டவாளத்தைக் கட்டையோடு இறுக்கிப் பிடிக்கிற கொக்கிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதுதான் என் வேலை, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். போட்டோ எடுத்து முடித்ததும் மயிலாத்தாள் உன்னிடம், "வகுப்புன்னாங்களே தம்பி, அது எப்ப?" என்று கேட்டாள். "இப்பச் சிரிச்சீங்கல்லக்கா, அதுதான் வகுப்பு" என்றாய் நீ. எல்லாரும் சிரித்தார்கள். அவள்தான் எல்லாரையும்விட அதிகம் சிரித்தாள். நான் எங்கள் மேஸ்திரியிடம் போய்ச் சொன்னேன். "உங்க பையன்தானுங்க, நீங்களே புத்தி சொல்லுங்க" என்றார். உன்னிடம் மறுபடியும் சொன்னேன். விசிலோடு ஒரு ஆளையாவது வளைவில் நிறுத்து என்றேன். நிறுத்தினாய். அதை நான் விசாரணையிலும் சொன்னேன், உனக்குச் சாதகமான அந்த ஒன்றையும் விட்டுவிடாமல் சொன்னேன்.

ஆடி மாதக் காற்று நம் பக்கத்தில் எப்படி அடிக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. மேற்கே மலைக்கு நடுவே இருக்கிற கணவாயில் புகுந்து வந்து பனைமரத்தையெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்த்து வைத்திருக்கும். பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. அப்படிக் காற்றடித்த ஒரு நாள், கோயில் நோன்பு என்று உன் ஆட்களில் சிலர் வரவில்லை. காலையில் நான் கடந்து போனபோது வளைவில் விசில்காரர் நின்றார். நான் கிழக்கே வெகுதூரம் போய்விட்டேன். பொள்ளாச்சிப் பக்கமிருந்து பெட்டி எதுவும் இல்லாமல் தனி இன்ஜின் ஒன்று வந்தது. உன் கணக்கில் இல்லாத வண்டி. கரண்டு இன்ஜின், வழுக்கிக்கொண்டு வருகிற மாதிரி வந்தது. நான் இறங்கி நின்று வழிவிட்டேன். அது வளைவைத் தாண்டியதும் நீளமாக ஹாரன் கேட்டது. நிற்கவே இல்லை அந்த ஹாரன். எனக்குக் கேட்டது, ஏனென்றால் நான் காற்று போகிற பக்கத்தில் இருந்தேன். அவர்களுக்குக் கேட்கவில்லை.

ஓடிவந்தேன். இந்த வயதில் எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. விசில்காரர் வளைவில் இல்லை. அவர் கூடையும் கையுமாக ஜல்லிக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தார். ஆள் பத்தவில்லை என்று நீதான் அவரைக் கூப்பிட்டு வேலையில் போட்டிருக்கிறாய். மற்றவர்கள் யாரோ கத்தியதைப் பார்த்துத் தாவியிருக்கிறார்கள். மயிலாத்தாள் தூசிக்குப் பயந்து காதோடு சேர்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டு, இன்ஜினுக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருக்கிறாள். அவ்வளவுதான் எழுதமுடியும். நீ அவளுக்குப் பக்கத்தில் போகாமல் தள்ளி நின்றாய். என்னைப் பார்த்ததும் உன் வாயிலிருந்து முதலில் வந்த சொல், "அம்மா, நீ யாருகிட்டயும் எதுவும் பேசாத" என்பது. பயத்தில் சொல்கிறான், கொஞ்ச நேரத்தில் மனுசனாகிவிடுவான் என்று அப்போது நினைத்தேன்.

மயிலாத்தாளின் காரியம் முடிவதற்குள்ளேயே காண்ட்ராக்டர் நம் வீட்டுக்குக் காரில் வந்தார். நீயும் கூட வந்து நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "அக்கா, நீங்க ரயில்வே ஆளு. நீங்க சொன்னா நிக்கும். வகுப்பு நடந்துச்சு, நான் பாத்தேன், இவ்வளவு சொன்னாப் போதும். அந்தம்மா காதைக் கட்டிட்டு இருந்தது நெசம்தானுங்களே? அதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லிருங்க. சொல்லிக் குடுத்தும் கேக்கலைன்னு. பையன் வாழ்க்கைங்க" என்றார். நான் காப்பி கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்தவருக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பியது அன்று ஒரு நாள்தான். நீ எழுந்து போகும்போது, "சொல்லிருவியாம்மா?" என்று கேட்டாய். எதைச் சொல்லிவிடுவேன் என்று கேட்டாய் என்பது எனக்கு இன்றுவரை தெளிவாகவில்லை.

பாலக்காட்டில் ரயில்வே விசாரணை. அதிகாரி மலையாளி, மரியாதைக்காரர். "அம்மே, பேடிக்கண்டா. கண்டது மாத்திரம் பறஞ்சா மதி" என்றார். பயப்பட வேண்டாம், பார்த்ததை மட்டும் சொன்னால் போதும் என்றால் எனக்கு அதில் கஷ்டமில்லை. வகுப்பு நடக்கவில்லை என்று சொன்னேன். போட்டோதான் எடுத்தார்கள் என்று சொன்னேன். விசில்காரரை வேலையில் போட்டது யார் என்று கேட்டார்கள். சொன்னேன். வகுப்பு வேண்டாம் என்று போனில் சொன்னது யார் என்பதையும், தோசைத் தட்டு வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். உன்னைக் காட்டிக்கொடுத்தேன் என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்களே, அவர்களுக்குத் தெரியாது, நான் அந்த அறைக்குள் போனது உன்மேல் விழுகிற பாரத்தில் பாதியையாவது அது சேரவேண்டிய தலையில் வைப்பதற்குத்தான். அதன்பிறகு உன்னை உள்ளே கூப்பிட்டார்கள். என்னை வெளியே போகச் சொல்லவில்லை. போனில் அப்படி ஒரு பேச்சு நடந்ததா என்று உன்னைக் கேட்டார்கள். நீ என் பக்கம் திரும்பாமல் சொன்னாய்: "அப்படி எதுவும் இல்லீங்க சார். எங்கம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தமுங்க. லைன்லயே இருந்து இருந்து அப்படி ஆயிருச்சு."

கண்ணு, அந்த ஒரு வாக்கியத்தில் நீ மூன்று பேரைத் தள்ளிவிட்டாய், செத்துப்போன மயிலாத்தாளை, என்னை, உன்னையே. காண்ட்ராக்டர் மட்டும் தப்பிவிட்டார். தகுதியான சூப்பர்வைசரை வேலைக்கு வைத்திருந்தோம், எல்லாப் பொறுப்பும் அவருடையதே என்று சொல்லிக் கையைக் கழுவினார். இப்போது மச்சான் பெயரில் வேறொரு இடத்தில் வேலை எடுத்திருக்கிறார் என்று கேள்வி. உன் வேலை போனது, உன்மேல் கேஸ் ஆனது, உன் மாமா ஜாமீன் நின்றார். காது மந்தமான ஆளை லைனில் நடக்கவிடக்கூடாது என்பதால் என்னை வேலையிலிருந்து நிறுத்திக் காதுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஒன்றை மாட்டி, ஊசி விழுகிற மாதிரிச் சத்தங்களை விட்டு, கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். எல்லாம் கேட்டது. ஒன்றுகூடத் தப்பவில்லை. அந்த அறையில்தான் நான் முதல்முறையாக அழுதேன். அந்த டாக்டர் பெண் பயந்து கதவைத் திறந்துவிட்டாள். காது நன்றாக இருக்கிறது என்று அவள் எழுதிக்கொடுத்த பிறகு என்னை மறுபடியும் லைனில் விட்டார்கள்.

ரங்கசாமி வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொன்னவள் என்று என்னை உட்காரவைப்பான் என்று ஒரு நினைப்பு இருந்தது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். அவன் வாசலிலேயே நின்று, "நீங்க தப்புப் பண்ணுலீங்கக்கா. ஆனா உங்களைப் பாத்தா உங்க பையன் மூஞ்சிதான் தெரியுது. இனி வராதீங்க" என்றான். உள்ளே அவர்களுடைய பெண் பாடம் படித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. நான் திரும்பி வந்துவிட்டேன். பொய் சொன்னவர்களுக்கு வேலை கிடைக்கிறது, கார் வருகிறது. உண்மை சொன்னவளுக்கு இரண்டு வீட்டு வாசலும் அடைபட்டது. இதை நான் ஒரு பாடமாகச் சொல்லவில்லை. நடந்தது இது.

கோர்ட்டு வராந்தாவில் ஒரு நாள் நீ என்னிடம் கேட்டாயே, அதற்குப் பிறகு நீ என்னோடு பேசவே இல்லை. "நீ ஒரு பொய் சொல்லியிருந்தா யாருக்கு என்ன நஷ்டம்? செத்தவங்க வரப்போறதில்ல. நானாவது பொழச்சிருப்பேன்." சுற்றி ஆள் இருந்ததால் அன்று பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நான் அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தால், சொல்லிக் கொடுத்தும் கேட்காமல் தன் தப்பால் செத்தவள் என்று மயிலாத்தாள் பெயருக்கு நேராக எழுதியிருப்பார்கள். உனக்குத் தலைவாரிவிட்டவள் அவள். அவள் பெண் பெரியவளாகி அதைப் படித்திருப்பாள். அப்புறம் அதே பேனரை எடுத்து இன்னொரு இடத்தில் கட்டியிருப்பீர்கள். அங்கேயும் யாராவது சிரித்திருப்பார்கள். யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கிற உனக்கு அந்தப் போட்டோவில் இருப்பவர்கள் யாருமே ஆளாகத் தெரியவில்லையா?

போன வாரம் எங்கள் பகுதிக்குப் புதிதாக வெளியாட்கள் வந்தார்கள். இப்போது வகுப்பு எடுக்காமல் யாரையும் விடுவதில்லை. அதற்கு ஒரு உயிர் போகவேண்டியிருந்தது. இன்ஜினியர் சார் என்னையும் பேசச் சொன்னார். வேறென்ன பேசுவேன், மயிலாத்தாளைப் பற்றிச் சொன்னேன். விசில்காரர் கையில் கூடை கொடுத்ததைச் சொன்னேன். வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்து, "அந்த சூப்பர்வைசர் என்ன ஆனாருங்க?" என்று கேட்டாள். "வடக்க சேஃப்டி சூப்பர்வைசரா போறானுங்க. என்ற பையன்தான்" என்றேன். ஒருவர் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஊருக்குப் போகிற பிள்ளையிடம் உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு என்று சொல்வார்கள். உனக்கு அதைச் சொல்ல உன் மாமியார் இருக்கிறார். நீ போகிற இடத்தில் உன் கீழே வேலை செய்பவர்கள் பீகார், ஒடிசா என்று எங்கெங்கோ இருந்து வந்தவர்களாக இருப்பார்கள். நீ பேசுவது அவர்களுக்குப் புரியாது, அவர்கள் பேசுவது உனக்குப் புரியாது. அந்த ஊரில் அவர்களுக்காக வந்து சாட்சி சொல்ல ஒரு பொம்பளையும் இருக்கமாட்டாள். அது உனக்குச் சௌகரியம் என்று அந்தக் காண்ட்ராக்டர் நினைத்திருக்கலாம். நீயும் அப்படி நினைத்துவிடாதே. கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். தீரவில்லை. நீ நன்றாக இருக்கவேண்டும் என்றும் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு தினம் லைனில் நடக்கிறேன்.

உன் கேஸ் முடியவில்லை. சாட்சிக்கு என்னைக் கூப்பிடுவார்கள் என்று வக்கீல் சொல்கிறார். அன்றைக்கு நீயும் குஜராத்திலிருந்து வந்தாக வேண்டும். அந்தப் போனில் என்ன பேச்சு நடந்தது என்று நீ உன் வாயால் சொன்னால், தண்டனையே வந்தாலும் நான் உன் பக்கத்தில் நிற்பேன், நீ திரும்பி வருகிறவரைக்கும் உன் வீட்டையும் பார்த்துக்கொள்வேன். சொல்லமாட்டாய் என்றால் எனக்கு முன்னாலேயே போய்க் கோர்ட்டில் உட்கார்ந்துகொள். என் பெயரைக் கூப்பிட்டதும் நான் கூண்டில் ஏறி, விசாரணையில் சொன்னதையே சொல்வேன். சொல்லிவிட்டு, உன்னைப் பார்க்காமல், ஊருக்குப் போகிற முதல் பஸ்ஸைப் பிடிப்பேன்.